நடுத்தொண்டையில் ஒரு பக்கம்

முழுங்காதீங்க என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் போய்விட்டாள். அவள் சொன்ன நிமிடத்திலிருந்து முழுங்குவதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. எச்சில் பாட்டுக்கு ஊறும், பாட்டுக்கு இறங்கும், இத்தனை வருஷத்தில் அதை யார் கவனித்தார்கள்? இப்போது வாய்க்குள் தாமிரபரணியே வந்து நிற்கிறது. சட்டையில் மெர்சி என்று பெயர் குத்தியிருந்தாள். நீள மூக்கு வைத்த குப்பியை உள்ளே நீட்டி இந்தப் பக்கம் ஒரு பீய்ச்சு, அந்தப் பக்கம் ஒரு பீய்ச்சு, நடுவில் உண்ணாக்குக்குப் பின்னால் ஒன்று. முதலில் கசப்பு, கசப்புக்குப் பின்னாலேயே வாழைப்பழ எசென்ஸ். எந்தப் புண்ணியவான் மரப்பு மருந்துக்கு வாழைப்பழ வாசனை போடச் சொன்னானோ தெரியவில்லை. "மரக்கட்டும் சார். பத்து நிமிஷம் ஆகும். எச்சி வந்தா இந்த டிரேல விட்டுருங்க. முழுங்குனா பொறையேறிரும்" என்றாள். பொறையேறும் என்று எனக்கா சொல்கிறாய் பெண்ணே, அது ஏன் ஏறும், எந்த மூடி எந்த நேரத்தில் சாயாமல் போனால் ஏறும் என்று மருத்துவக் கல்லூரியில் உன் டாக்டருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான், என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. ஏதோ பாதி வார்த்தை விழுந்தது. அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இப்போது நாக்கின் அடியிலிருந்து பின்சுவர் வரை எனக்கு ஒன்றுமே இல்லை. நாக்கை மடக்கிப் பின்னால் தள்ளுகிறேன், அது எதையோ தொடுகிறது, தொட்டது எது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கீழே மருந்துக்கடைக்குப் பக்கத்தில் பெஞ்சில் ஆவுடை உட்கார்ந்திருப்பாள். டான்சிலில் ஒரு கல், சும்மா தோண்டி எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தோண்டி எடுக்கப்போவது கல் இல்லை, சதையில் ஒரு துணுக்கு. அது சோதனைக்குப் போகும். அது என்ன சோதனை என்று என் மனைவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுத்தொண்டை என்றுதான் வகுப்பில் சொல்லுவேன். புத்தகத்தில் வேறு பெரிய பெயர் இருக்கிறது, அதைப் பரீட்சையில் எழுதிக்கொள்ளட்டும். மேலே மூக்குக்குப் பின்னால் ஒரு தொண்டை, கீழே குரல்வளைக்குப் பின்னால் ஒரு தொண்டை, நடுவில் இது. மெல்லண்ணத்தில் ஆரம்பித்துக் குரல்வளை மூடியின் விளிம்பில் முடியும். முன்பக்கம் வாசல் மாதிரி வாய் திறந்திருக்கும், பின்பக்கம் கழுத்தெலும்பின் இரண்டாவதும் மூன்றாவதும் நிற்கும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டான்சில். மூச்சு மூக்கிலிருந்து முன்பக்கமாக வரவேண்டும், சோறு வாயிலிருந்து பின்பக்கமாகப் போகவேண்டும், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கடக்கிற இடம் இதுதான். வண்ணார்பேட்டை பைபாஸில் சிக்னல் கெட்டுப்போன அன்று நின்று பாருங்கலே, அப்போது புரியும் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதையே ஒவ்வொரு வருஷமும் சொல்லி, ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் சிரித்ததனால் அது நல்ல நகைச்சுவை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் உடற்கூறியல் துறையில் ஒரு பிணத்தின் பாதித் தலை இருந்தது. நெற்றியிலிருந்து கழுத்து வரை நடுவாக அறுத்து, உள்பக்கம் தெரியும்படி கண்ணாடிச் சாடியில் வைத்தது. வலது பாதி. இடது பாதி நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எங்கேயோ போய்விட்டது, கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். மெல்லண்ணம் தொங்குவது, முன்தூண், பின்தூண், இடையில் டான்சில் படுத்திருந்த குழி, அதற்குக் கீழே நாக்கோடு சேருகிற சின்னப் பள்ளம், எல்லாம் அந்த ஒரே பாதியில்தான் காட்டினேன். ஓய்வு பெறுகிற நாள் வரை வலது பக்கத்தையே காட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொண்டைக்கு இடது பக்கமே கிடையாது. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? எனக்குப் பரு அந்தப் பள்ளத்தில் வந்திருக்கிறது, வலது பக்கத்துப் பள்ளத்தில், அதைத்தான் செண்பகவல்லியிடமும் சொன்னேன். டாக்டர் செண்பகவல்லி என் மாணவி. இன்றைக்கு இந்த ஊரில் காது மூக்கு தொண்டைக்கு அவளைத் தேடித்தான் போகிறார்கள், ஆனாலும் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள். குச்சியால் நாக்கை அமுக்கியதும் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டாள், அதற்கும் தும்மியும் இருமியும் அவளை ஒரு வழி பண்ணிவிட்டேன். "ரெண்டு பக்கமும் லேசா வீங்கித்தான் இருக்கு சார். அடியில சரியாத் தெரியல" என்றாள். "வலது பக்கம்மா. டான்சிலுக்குக் கீழ, நாக்கு சேருத பள்ளத்துல பாரு" என்றேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றாள்.

சரிதானா? எதற்கு இந்தக் கேள்வி என்று எனக்கே எரிச்சலாக இருந்தது, ஆனால் கேள்வியைக் கிளப்பியது நான் இல்லை, எதிரே கை கழுவுகிற தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடி. அதில் ஒரு கிழவன் வாயைப் பாதி திறந்து எச்சில் வடிய உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டு நின்றது. பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சும்மாதான் பார்த்தேன், எச்சிலை மறக்க வேண்டுமே. என் இடதுகைப் பக்கமாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என் இடதுகைப் பக்கம் என்றால் அவனுக்கு அது வலது. இந்த ஒன்றைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சமா? மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறேன். உன் இடது இல்லடா, உடம்போட வலது! படுத்திருக்கவனுக்கு எது வலதோ அதுதான் வலது! ஆக அந்தக் கிழவனுக்குப் பை வலது மார்பில் இருக்கிறது. வலது மார்பில் எந்தத் தையல்காரன் பை வைப்பான்? கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். பை என் இடது மார்பில்தான் இருந்தது, இதயத்துக்கு மேலே, எல்லார் சட்டையிலும் இருக்கிற இடத்தில். கண்ணாடிக்காரனும் அதையேதான் தொட்டான். கண்ணாடி எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. கண்ணாடியில் இடது இடதுதான், சவரம் செய்துகொள்கிற பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. வாய் திறந்து கிடக்கிற எந்த முகத்தைப் பார்த்தாலும் என் மூளை தானாகவே மாற்றிப் போட்டுவிடும், அவ்வளவு பழக்கம். போன மாதம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து, நாக்கைக் கரண்டியால் அமுக்கி, அந்த வெள்ளைப் பருவைப் பார்த்தபோது அது என் இடதுகைப் பக்கம் தெரிந்தது. உடனே வலது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். என் சொந்த வாயைப் பிணத்தின் வாய் மாதிரி படித்திருக்கிறேன். அப்படியென்றால் அது இடது பக்கம். அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் என் நல்ல பக்கத்தைத்தான் கிள்ளி எடுக்கப் போகிறார்கள்.

பொறு. கண்ணாடியிலா பார்த்தேன்? போனில் படமும் எடுத்தேனே. முதலில் கண்ணாடி, பிறகு சரியாகத் தெரியவில்லை என்று போனைத் திருப்பி வைத்து ஒரு படம். படத்தில் விழுகிறவன் எதிரே நிற்கிற ஆள்தான், அங்கே மாற்றிப் படிப்பது சரி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பரு நன்றாகத் தெரிந்தது, அல்லது கண்ணாடியில்தான் நன்றாகத் தெரிந்து படம் மங்கலாக இருந்ததா? படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன். பூனாவிலிருந்து மகள் வந்தால் முதலில் என் போனைத்தான் நோண்டுவாள். அழித்தது ஞாபகம் இருக்கிறது, அதில் என்ன இருந்தது என்பது ஞாபகம் இல்லை. சரி, விரல் வைத்துத் தொட்டேனே. தொட்டேன், குமட்டலோடு ஒரே ஒரு தரம், மிளகு அளவுக்குக் கெட்டியாக ஏதோ பட்டது. வலதுகை ஆட்காட்டி விரல். வலது கை என்பது ஞாபகம் இருப்பதால் வலது பக்கம் என்று தோன்றுகிறதா, வலது பக்கம் என்பதால் வலது கையா? நான் எதையும் வலது கையால்தான் தொடுவேன், இது ஒரு சாட்சியா? சாப்பிடும்போது? இடது பக்கமாகத்தான் மெல்லுகிறேன், அதனால் நோவு வலது பக்கம்தான். ஆனால் வலது கடைவாயில் பல்லைப் பிடுங்கிப் பல வருஷம் ஆகிறது, அன்றிலிருந்தே இடது பக்கம்தான் மெல்லுகிறேன். எச்சிலை முழுங்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், ஒரு பக்கம் முள் மாதிரி குத்துமே, நேற்றுக்கூடக் குத்தியதே. முழுங்கியும் பார்த்தேன். முழுங்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள், இருந்தாலும் பார்த்தேன். ஏதோ ஆரம்பித்தது, அதற்கப்புறம் அது முடிந்ததா, நடுவில் நிற்கிறதா, உணவுக்குழலில் இறங்கியதா, மூச்சுக்குழலில் விழுந்ததா என்று தெரியவில்லை. இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. குத்தவில்லை. எந்தப் பக்கமும் குத்தவில்லை. வேறு நேரமாக இருந்தால் எத்தனை சந்தோஷப்பட்டிருப்பேன். டிரேயில் துப்பினேன், எச்சில் நூலாகத் தாடையில் தொங்கியது, துடைத்துக்கொண்டேன். காது! காது இருக்கிறதே. தொண்டையில் இந்த இடத்துக்கு வருகிற ஒன்பதாவது நரம்பின் கிளை ஒன்று நடுக்காதுக்கும் போகிறது, தொண்டையின் நோவைக் காதின் நோவு என்று மூளை ஏமாந்துபோகும், அதுவும் அதே பக்கத்துக் காதில்தான். பரீட்சையில் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் காது வலித்தது. ஆவுடை நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்துக் காதில் விட்டாள். நான் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்திருந்தேன். சுவர் எனக்கு வலதுகைப் பக்கம், வலதுகைப் பக்கம் ஒருச்சாய்த்துப் படுத்தால் மேலே இருப்பது இடது காது. ஆக இடது! ஆனால் ஏ.சி. மாட்டிய பிறகு காற்று நேராக முகத்தில் அடிக்கிறது என்று கட்டிலைத் திருப்பிப் போட்டோமே, தலைமாட்டைக் கால்மாடாக்கி. இப்போது சுவர் எனக்கு இடதுகைப் பக்கம். எண்ணெய் விட்டது ஏ.சி.க்கு முன்னாலா பின்னாலா? ஏ.சி. மாட்ட வந்தவன் சுவரில் துளை போட்டபோது காதைப் பொத்திக்கொண்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்தினேன்.

மடையா, கீழே இறங்கிப்போய் அவளைக் கேட்டால் முடிந்தது. கேட்டால், எதற்குக் கேக்கீங்க என்பாள். கல்லை எடுப்பதற்குக் காது எதற்கு என்பாள். ஆவுடைக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது, ஒன்றைப் பிடித்தால் முழுவதையும் உருவிவிடுவாள். அவளைத் தவிர்க்கத்தானே கல் என்று சொன்னேன். இல்லை, அவள் பயப்படுவாள் என்பதற்காகச் சொன்னேன். இல்லை, அவள் பயந்தால் எனக்கு அதைப் பார்க்க முடியாது என்பதற்காகச் சொன்னேன். இப்போது வேறொன்று மெல்லத் தோன்றுகிறது, தோன்றியதும் உடம்பெல்லாம் லேசாகிறது. எதற்குக் கேட்கவேண்டும்? செண்பகவல்லி வருவாள், வலது பக்கத்தில் ஒரு கிள்ளு கிள்ளுவாள், நல்ல சதை போகும், நல்ல ரிப்போர்ட் வரும். "ஒண்ணும் இல்ல சார்" என்று அவளே போன் பண்ணுவாள். அதைக் கேட்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டேன். ஆவுடை கேசரி கிண்டுவாள். பேரன் பிறந்தநாளுக்குப் பூனா போவோம், ரயிலில் வடை வாங்குவேன், மெல்ல மெல்லத் தின்பேன். யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது, நான் வலது என்று நம்பித்தானே சொன்னேன், இதுவரைக்கும் நம்பித்தானே சொன்னேன். அது மட்டும் அங்கேயே இருக்கும், இடது பள்ளத்தில், ரிப்போர்ட்டைப் படிக்காமல். அது எங்கே போகும் என்று நான் அறிவேன், கழுத்தில் எந்த நிணநீர்க் கணுவில் முதலில் தங்கும், எந்த நரம்பைச் சுற்றிக்கொள்ளும், நாக்கின் அடியை எடுக்க வேண்டிவந்தால் எதையெல்லாம் சேர்த்து எடுப்பார்கள், அப்புறம் சோறு எந்தக் குழாயில் இறங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். படிக்காதவனாக இருந்திருந்தால் வெறும் பயம் மட்டும் இருந்திருக்கும். எனக்குப் பயத்தோடு படமும் வருகிறது, கலர் பென்சிலில், பாகம் குறித்து. வலதாகவே இருக்கலாம், அதையும் சொல்லிக்கொண்டேன். போனில்தான் பார்த்திருப்பேன், அப்படியென்றால் வலதுதான், அப்படியென்றால் நான் சும்மா இருப்பதில் தப்பே இல்லை. சும்மா இருப்பதற்கு எவ்வளவு நல்ல காரணம் கிடைக்கிறது பாருங்கள். எனக்குச் சாவு பயமாக இருக்கிறது. இத்தனை பிணங்களுக்கு நடுவில் டிபன் தின்றவன்தான், எனக்குச் சாக ரொம்பப் பயமாக இருக்கிறது.

கதவு திறந்தது. செண்பகவல்லி கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே வந்தாள், பின்னால் மெர்சி தட்டில் நீளமான இடுக்கியோடு வந்தாள். "நல்லா மரத்துட்டா சார்? ஒரே நிமிஷம், தெரியவே தெரியாது. வலது பக்கம்தான?" கேட்டுவிட்டாள். ஆம் என்று தலையை அசைத்தால் போதும், தலை அசைவதற்குத் தயாராகத்தான் இருந்தது. அவள் என் தாடையைப் பிடித்து வலது பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினாள். அந்தப் பிடியில் துளிகூடச் சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவு நம்பிக்கையை நான் சம்பாதித்தது மேஜையைத் தட்டித்தானே. அவள் கையைப் பிடித்துத் தள்ளினேன். "ஆவுழ" என்றேன். "என்ன சார்?" "ஆவு... என் வீட்டுக்காரி. கூப்பிழு." நாக்கு குடிகாரன் நாக்கு மாதிரிப் புரண்டது. மெர்சி டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் போ என்று கண்ணைக் காட்டினாள்.

ஆவுடை மேல்மூச்சு வாங்க வந்தாள், கையில் பிளாஸ்க் பை. என்னைப் பார்த்தாள், என் தாடையிலிருந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள், பிறகுதான் தட்டிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள். "காது" என்றேன். "எந்தக் காதுல எண்ணெ விட்ட?" எதற்கு என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இடது காதைத் தொட்டாள். "இந்தக் காது. வேற எது? சின்னத் தலகாணிய மடிச்சு இதுக்கு அடியிலதான வச்சு அமுக்கிட்டுத் தூங்குதீங்க, பங்குனியிலருந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன்." எனக்கு அந்தத் தலையணை ஞாபகமே இல்லை. "டாக்டரம்மா, கல்லுன்னு சொன்னாக. சரின்னு கேட்டுக்கிட்டேன். கல்லுக்கு யாராவது சாமி படத்துக்கு முன்னால போயி நின்னு அழுவாகளா?" செண்பகவல்லி என்னைத்தான் பார்த்தாள். நான் இடதுகையைத் தூக்கி என் இடது தாடைக்குக் கீழே வைத்தேன். "கண்ணாடி" என்றேன். "கண்ணாடியில பாத்தேன்." அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "அம்மா, கொஞ்சம் வெளிய..." என்று ஆரம்பித்தாள். "நான் இங்கனதான் நிப்பேன்" என்று ஆவுடை பையைத் தரையில் வைத்தாள்.

வாயைத் திறந்தேன். மெர்சி நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள். கையுறை விரல் உள்ளே போனது, போனதைக் கண்ணால்தான் அறிந்தேன், உள்ளே எனக்கு ஒன்றும் படவில்லை. உடம்பின் மேல் குனிகிற முகத்தைப் படுத்திருக்கிறவனின் பக்கத்திலிருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண், அவை என்னைப் பார்க்காமல் விரல் நுனியில் இருந்தன. விரல் நகர்ந்தது, நின்றது, கொஞ்சம் பின்னால் வந்து மறுபடியும் நின்றது. "கிடைச்சிட்டு சார்!" என்றாள். பிணத்தில் கொழுப்பையும் சவ்வையும் விலக்கி விலக்கி, தேடின நரம்பு கொக்கி நுனியில் மாட்டியதும் முதல் வருஷப் பிள்ளைகள் போடுகிற சத்தம் அது, அதே சந்தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் கிடைத்தது என்ன என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கண் அப்படியே இறங்கிவிட்டது, விரலை எடுக்கவும் தோன்றாமல் நின்றாள். ஆவுடை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள், நன்றாக அழுத்திப் பிடித்தாள். ஆனாலும் பிள்ளை சரியாகக் கண்டுபிடித்துவிட்டு என் பதிலுக்கு நிற்கிறாள். வாயில் அவள் விரல் இருந்ததால் பேச முடியவில்லை. சரிதான் என்று தலையை ஆட்டினேன்.